வெளுப்புக் கம்பவுண்டரும் எங்கள் மல்லாட்டைக் கொல்லையும்

உத்திரமேரூரைச் சுற்றிப் பத்து மைலில், வெளுப்புக் கம்பவுண்டர் கீழிமையை இழுத்துப் பார்க்காத மனிதர் யாரும் கிடையாது. மனிதர் என்று சொல்வது சும்மா மரியாதைக்கு. எருமையையும் அவர் விட்டதில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுக்கும் வேலை. அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். யாரைப் பார்த்தாலும் முதலில் கட்டைவிரல் நீளும், இமை இறங்கும், "வெளுப்பு!" என்று தீர்ப்பு வரும். ஒருநாள் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரின் இமையையே இழுத்துவிட்டார். "ரத்தமே இல்ல நைனா, கீரை துன்னு" என்றார். கண்டக்டர் அரண்டுபோய், இறங்க வேண்டியவர்களை எல்லாம் இறக்காமல் வாலாஜாபாத் வரைக்கும் கொண்டுபோய்விட்டாராம்.

இதோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். கடலை, உளுந்து மாதிரிச் செடிகளின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உட்கார்ந்துகொண்டு காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். நல்ல முடிச்சை நறுக்கினால் உள்ளே சிவப்பு. அந்தச் சிவப்பு நம் ரத்தச் சிவப்புக்கு உறவு என்று ரேடியோவில் யாரோ சொல்லிவிட்டார்கள். "செடிக்கும் ரத்தம் கீதுடா!" என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினார். மறுநாளிலிருந்து அவர் சைக்கிள் எந்தக் கொல்லை ஓரத்தில் நின்றாலும், அங்கே நாலு செடி வேரோடு வெளியே கிடந்தது.

அந்த வருஷம்தான் நான் கல்யாணமாகிச் சாலவாக்கம் பக்கத்துக்கு வந்தேன். எட்டாவது வரைதான் படிப்பு. நாலு பேர் இருந்தால் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சம். நான் வந்த ஒரே மாதத்தில் எங்கள் வேர்க்கடலைக் கொல்லை மஞ்சளாகிவிட்டது. எங்கள் பேச்சில் வேர்க்கடலை மல்லாட்டை, வயல் கொல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் செம்மண்ணில் பக்கத்துக் கொல்லைக்காரரின் செடி கருகருவென்று நின்றது. மாமனார் யூரியா போட்டுப் பார்த்தார். செடி அசையவில்லை.

"இவ கால் வச்ச நேரம்" என்றார் என் மாமியார். முதலில் முணுமுணுத்தார், பிறகு தெருவுக்கே சொன்னார். ஒருநாள் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்து வாசல் நடையில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கொல்லையை உழுது மடக்குவது, அன்றைக்கே என்னையும் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று முடிவாகிவிட்டது. என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை, மாமனாரின் இருமலுக்கு மருந்து கொண்டுவந்த கம்பவுண்டர் நேராகக் கொல்லையில் இறங்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரக் சரக்கென்று ஆறு செடியைப் பிடுங்கினார்.

"யோவ்! இன்னாய்யா பண்ணிக்கினு கீற?" என்று மாமனார் அலறினார்.

"நாளைக்கி மடக்கப் போற செடிக்கு இன்னிக்கி இன்னா கொஞ்சலு?"

சட்டைப் பையிலிருந்து பாதி பிளேடை எடுத்தார். வேரில் முடிச்சுகளே அபூர்வம். இருந்த ஒன்றிரண்டும் கடுகளவு. நறுக்கினால் உள்ளே வெள்ளை. கம்பவுண்டர் முகம் செத்துப்போனது. அடுத்த நொடி வாய்க்காலைத் தாண்டி, பக்கத்துக் கொல்லைக்காரர் "டேய், டேய்" என்று கத்தக் கத்த, அவர் செடி ஒன்றையும் பிடுங்கி வந்தார். அதன் வேரில் மிளகு தூவின மாதிரி முடிச்சுகள். நறுக்கினால் சிவப்பு.

"இது ரத்தம். உன்துல இல்ல" என்றார் மாமனாரிடம்.

"எல்லாம் இவ வந்த நேரம்" என்று மாமியார் ஆரம்பித்தார்.

அப்போதுதான் அது நடந்தது. எங்கள் தெரு ஆம்பிளைகளே எதிரில் நின்று பேசப் பயப்படும் என் மாமியாரின் கீழிமையை, கம்பவுண்டர் அந்த மண் கையாலேயே இழுத்தார்.

"உனுக்குந்தான் வெளுப்பு கீது, யக்கா. நீ எவ வந்த நேரத்துல வெளுத்த?"

மாமனார் தோளிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"கொழுந்து மட்டும் மஞ்சளு, அடி எல பச்ச. இரும்புச் சத்துக் கொற இது. உன் கொல்லைல எங்க கொத்துனாலும் சுக்காங்கல்லு. அந்தச் சுண்ணாம்பு, வேரை இரும்ப உறிஞ்ச வுடாம புடிச்சிகினு கீது. இரும்பு இல்லாங்காட்டி முடிச்சு எப்டிக் கட்டும், எப்டிச் செவக்கும்? பொண்ணு கால்ல இன்னா, சுண்ணாம்பா கீது?"

"அப்ப இன்னாதான்யா பண்றது?" என்றார் மாமனார்.

"மனுசனுக்குக் குடுக்கறதுதான். இரும்பு டானிக்."

உழவு தள்ளிப்போனது. பெட்டி மட்டும் நடையிலேயே இருந்தது. நாட்டு மருந்துக் கடையிலிருந்து அன்னபேதி என்கிற இரும்பு உப்பு வந்தது. குடத்துக்கு ஒரு கைப்பிடி போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, இலை மேல் தெளிக்கச் சொன்னார். "சர்பத்து செடிக்கு மட்டுந்தானா?" என்று பக்கத்துக் கொல்லைக்காரர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். மாமனாரின் வெள்ளை வேட்டி முழுக்கத் துருக்கறை. துவைத்துத் துவைத்து என் கைதான் ஓய்ந்தது.

ஒரு வாரத்தில் புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. இன்னொரு தடவை தெளித்தோம். ஆனால் கம்பவுண்டருக்கு இலை மேல் நம்பிக்கை கிடையாது. தினமும் வந்து வேரைப் பார்த்தார். "நோவுல செத்தது கம்மி, உன் கையால செத்ததுதான் ஜாஸ்தி! பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ!" என்று மாமனார் மாடு ஓட்டும் தார்க்குச்சியோடு துரத்தினார்.

மூன்று வாரம் கழித்துப் பிடுங்கிய செடியில் கொத்தாகப் புது முடிச்சுகள். கம்பவுண்டர் பிளேடை மாமியார் கையில் கொடுத்தார். மாமியார் ஒன்றை நறுக்கினார். உள்ளே பார்த்தார். பிளேடை உதறிக் கீழே போட்டார்.

"அய்யய்யோ, நெசமாவே ரத்தம்!"

என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் போய்ப் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தார். மாமியார் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அதுவரை "இவ, இவ" என்றே பேசியவர், முதல் தடவையாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "கம்பவுண்டருக்கு நாஷ்டா வை" என்றார்.

கம்பவுண்டர் மண் காலோடு கூடத்தில் உட்கார்ந்தார். எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. கதவு மறைவில் நின்றபடியே, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையாக அனுப்பிக்கொண்டிருந்தேன். "போதும்மா" என்று நாலு தடவை சொன்னார். ஐந்தாவது அடைக்கும் நெய் விட்டேன்.