மாப்பிள்ளை கேட்ட பாய்மரப் படகு

"ஏறுங்க சார். ஓட்டிப் பாக்காம வாங்கிட்டு அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்றான் படகு விற்கும் ஆதிகேசவன்.

கலியாணசுந்தரம் இரண்டடி பின்வாங்கினார். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி போட்டிருப்பவர். கோயில் குளத்தில்கூட இறங்க மாட்டார். மேல்படியில் நின்று, யாராவது மொண்டு கொடுத்தால் தலையில் தெளித்துக்கொள்வார். அந்த மனுஷனைக் கோவளம் கடற்கரைக்கு இழுத்து வந்தது மகள் காயத்ரியின் தலை தீபாவளி.

"சீர் என்ன வேணும் மாப்ளே?" என்று மரியாதைக்குக் கேட்டார். மோதிரம் என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா? "சின்னதா ஒரு பாய்மரப் படகு மாமா. பழசானாலும் பரவாயில்ல" என்றுவிட்டார் மாப்பிள்ளை சிவராஜ். வாங்கித் தராவிட்டால் சம்பந்தியம்மா மங்கையர்க்கரசி சும்மா விடுவாளா? காயத்ரி அந்த வீட்டில்தானே குப்பை கொட்ட வேண்டும்!

கரையில் மூன்று படகுகள். அடிப்பலகையைக் கலியாணசுந்தரம் திரும்பியும் பார்க்கவில்லை. பாய்த்துணியை வெயிலில் விரித்துப் பிடித்தார். மூலையை இழுத்தார். நகத்தால் கீறினார்.

"அது ரெண்டும் சல்லடைப்பா. இதுல ஊடை நூல நல்லா நெருக்கி அடிச்சிருக்குது. இதான்."

"துணியைப் பாத்தா சார் படகு வாங்குவாங்க?" ஆதிகேசவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு சுத்து வாங்க."

"என் மச்சான் வருவான்."

மச்சான் முத்துக்குமார் ஏறினான். ஓர் அலைதான் தட்டியது. தின்ற இட்லியெல்லாம் வெளியே வர, குதித்து மணலில் படுத்துவிட்டான்.

"நீ மட்டும் போய்ட்டு வாப்பா, நான் கரையிலேருந்தே பாத்துக்கறேன்."

"ஒரு ஆள் போனா சாஞ்சிடும் சார். எடை வேணும்."

"மணல் மூட்டை போட்டுக்க!"

மூட்டையைப் போட்டான். அது சரிந்தது. "லேசா பிடிங்க சார்" என்றான். பிடிக்கப் போனவரின் ஒரு கால் படகில், ஒரு கால் மணலில். அடுத்த அலை அந்தக் காலையும் படகுக்குள் வாரிப் போட்டது.

பாயில் காற்று ஏறியது. கரை தூரமாகிக்கொண்டே போனது. "ஏகாம்பரநாதா! காமாட்சித் தாயே!" என்று கத்தினார். காலடியில் சில்லென்றது. தண்ணீர்!

"யோவ், ஓட்டை!"

"கசிவு சார். தார் வெச்சா போயிடும்."

தோள் துண்டைத் திணித்தார். துண்டு மிதந்தது. வேட்டியை அவிழ்த்துத் திணிக்கலாமா என்றுகூட யோசித்தார். உயிர் போகிற நேரத்தில் மானமாவது ஒன்றாவது!

"பேரம் வேணாம், ஒண்ணும் வேணாம்! இதையே எடுத்துக்கறேன்! கரைக்குத் திருப்புப்பா!"

தீபாவளிக்கு முந்தின நாள், மினி லாரியில் படகு கலியாணசுந்தரத்தின் தெருவுக்குள் நுழைந்தது. தெருவே பின்னால் வந்தது. மகன், மருமகளோடு வந்திறங்கியிருந்த சம்பந்தியம்மா வாயைப் பிளந்து நின்றாள்.

"மாப்ளே, நீங்கதான் மொதல்ல ஓட்டணும்!" என்றார் கலியாணசுந்தரம், பெருமையாக.

சிவராஜின் முகம் வெளுத்தது. வாசல் தூணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மனைவி காதில் ஏதோ முணுமுணுத்தார். காயத்ரி அப்பாவை உள்ளே இழுத்துப் போனாள்.

"அவரும் உன்ன மாதிரி மேல்படி ஆளுப்பா! கார் கேளு கார் கேளுன்னு அத்தை உசுரை எடுத்துக்கினு இருந்தாங்களாம். உனக்குச் செலவு வெக்கக் கூடாதுன்னு, காஞ்சிபுரத்துல கெடைக்கவே கெடைக்காததா ஒண்ணு கேட்டிருக்காரு. நீ அதையும் வாங்கிக்கினு வந்து நிக்கறியே!"