மேனியில் ஒரு விரிசல்

'ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத மனுஷன்' என்று இனிமேல் இந்த வீட்டில் யாரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது என்று வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு வாத்தியார் முடிவு கட்டினார். ஐந்து முப்பத்தேழுக்கு வேனை உடைத்துவிட்டார்.

வேன் அவருடையதல்ல. மனைவியுடையது. அவள் பிரசவம் பார்க்கிற நர்ஸ். வாரத்தில் இரண்டு நாள் மலைமேல் இருக்கிற ஊர்களுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வருவாள். அன்றைக்கும் சேறும் சகதியுமாக வந்து இறங்கியவள், "ஒரு நாளாவது இந்த வண்டி மேல ஒரு வாளி தண்ணி ஊத்தியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஒரு வாளி என்ன, வாத்தியார் ஹோஸ் பைப்பையே எடுத்தார். வெளிப்பக்கம் கழுவினார். ஆசை அடங்கவில்லை. பானெட்டைத் திறந்தார். எஞ்சின் அனலாகக் கொதித்தது. பீய்ச்சி அடித்தார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. ஆவிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

இருபத்திரண்டு வருஷமாக இயற்பியல் பாடம் எடுக்கிறவர் அவர். 'சூடான இரும்பு திடீரெனக் குளிர்ந்தால் என்ன ஆகும்?' என்று வருஷம் தவறாமல் கேள்வித்தாளில் கேட்பவர். இரண்டு மதிப்பெண். பானெட்டை மெதுவாக மூடி, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் கிளம்பியது, ஆனால் கூடவே டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். வாத்தியார் வாசலிலிருந்து பாய்ந்து வந்தார்.

"பேட்டரி! பேட்டரிதான்! நீ பஸ்ல போ. நான் பார்த்துக்கறேன்."

"பேட்டரியா?"

"பேட்டரியேதான்."

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி. ஆனா திங்கட்கிழமை காலைல எனக்கு வண்டி கண்டிப்பா வேணும். மேல ஒரு பொண்ணுக்கு ரெட்டைப் புள்ளைங்க. தேதி நெருங்கிடுச்சு."

ரெட்டை. அவள் தெருமுனை தாண்டியதும் வாத்தியார் வண்டியை நேரே பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தார். அதிகம் பேசாத ஆள். கரி படிந்த விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "டர்போ மேனிஃபோல்ட் சார். எஞ்சின்லேர்ந்து வர்ற சூட்டுப் புகை பூரா இது வழியாத்தான் டர்போவுக்குப் போகுது. விரிசல் விட்டிருக்கு. புகை இந்த வழியா ஓடிடும். மேடு ஏறும்போது வண்டி இழுக்காது."

"என்ன பண்ணலாம்?"

"வெல்டிங் வைக்கலாம். இல்லன்னா புதுசு மாத்தலாம்."

"எது நல்லது?"

"வெல்டிங் நின்னாலும் நிக்கும். நிக்காமலும் போகும். வார்ப்பிரும்பு சார், அதுக்குன்னு ஒரு குணம் இருக்கு. மத்தியானத்துக்குள்ள சொன்னா புதுசு நாளைக்கு வந்துடும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க. எப்படி உடைஞ்சுது?"

"வயசாயிடுச்சு."

"வண்டிக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் வேறு வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மத்தியானம் வந்தது. வாத்தியார் யோசித்துக்கொண்டிருந்தார். மாற்றினால் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. புது உருப்படி பளபளவென்று பல்லிளிக்கும், அவள் கண்ணிலிருந்து தப்பாது. ஒட்டுப் போட்டால் வெளியே தெரியாது. ஆனால் பாதி மேட்டில் பிளந்துகொண்டால்? வண்டி நடுவழியில் நிற்க, மேலே அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க... அவர் காகிதத்தில் கோடு கிழித்து இந்தப் பக்கம் 'ஒட்டு', அந்தப் பக்கம் 'மாற்று' என்று எழுதினார். மத்தியானமும் போய்விட்டது.

மாலையில் அவள் வந்தபோது வாத்தியார் ஃபோனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். "மேனிஃபோல்ட்ல விரிசல் எவ்வளவு நீளம்னு சொன்னீங்க?"

"மேனியில என்ன விரிசல்?" என்றாள் பின்னாலிருந்து.

ஃபோன் கைநழுவிச் சோபாவில் விழுந்தது. "என் மேனியிலதான். தோல் வெடிச்சிருக்கு. முதுகுல."

"டாக்டர்கிட்டயா பேசினீங்க?"

"ஆமா. தோல் டாக்டர்."

"சட்டையைக் கழட்டுங்க."

நர்ஸாயிற்றே, சும்மா விடுவாளா? அரை மணி நேரம் குப்புறப் படுக்க வைத்து, முதுகு முழுக்க எரிகிற களிம்பாகப் பார்த்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தாள்.

"என் தம்பி ஒரு மாசம் வந்து இங்க தங்கட்டுமான்னு கேக்கறான். உங்க ரேடியோ ரூம்ல."

மச்சான் ட்ரம்பெட் பழகுகிறவர். மூன்று வருஷமாகப் பழகுகிறார். இன்னும் ஒரே ஸ்வரத்தில்தான் நிற்கிறார். வேறு நாளாக இருந்தால் வாத்தியார் கூரை மேல் ஏறி நின்று 'கூடாது' என்று கத்தியிருப்பார். இன்றைக்கு மனச்சாட்சி முதுகைவிட அதிகமாக எரிந்தது.

"தாராளமா வரட்டும்."

"அந்தப் பழைய ரேடியோவெல்லாம்?"

"தூக்கிப் போட்டுடலாம்."

"காலைல எனக்குச் சாப்பாடு கட்டித் தர்றதுக்கு..."

"நானே அஞ்சு மணிக்கு எழுந்து கட்டித் தர்றேன்!"

"இவ்வளவு நல்ல மனசா உங்களுக்கு!" என்று சொல்லி இன்னொரு கை களிம்பை அள்ளினாள்.

சனிக்கிழமை மாலை வாத்தியார் ஒருவழியாக 'ஒட்டு' என்று முடிவெடுத்தார். மெக்கானிக்கிடம் போய், "வேற ஒரு வெல்டர்கிட்டக் காட்டிப் பார்க்கலாம்னு..." என்று இழுத்தார். மெக்கானிக் ஒரு நிமிஷம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "கொண்டு போங்க சார்" என்று சாவியைக் கொடுத்தார்.

வீடு வரைக்கும் டிக், டிக், டிக். ஒவ்வொரு டிக்குக்கும் வாத்தியாரின் உயிர் போய்ப் போய் வந்தது. அது இண்டிகேட்டர் சத்தம் என்பதும், இடதுபக்க விளக்கைப் போட்டுவிட்டு அணைக்காமலே முழுத் தெருவையும் கடந்து வந்திருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிறு காலை ஊருக்கு வெளியே இருந்த வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். துணியால் துடைத்தார். டார்ச் அடித்தார். நிமிர்ந்தார்.

"எதை சார் ஒட்டணும்?"

"விரிசலை."

"எந்த விரிசலை? புத்தம் புதுசு மாதிரி இருக்கே!"

வாத்தியார் தானே குனிந்து பார்த்தார். இல்லை. விரிசலைக் காணோம்! அவருடைய மூளை இரண்டு நாளைக்குப் பிறகு முதல்தடவையாக வேலை செய்தது. "புரிஞ்சுபோச்சு! எஞ்சின் சூடாச்சா? இரும்பு விரிஞ்சுதா? விரிஞ்சதுல விரிசல் தானா மூடிக்கிச்சு!"

வெல்டர் டார்ச்சை அணைத்தார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"இயற்பியல் வாத்தியார்."

"சரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது வாத்தியார் சீட்டியடித்தார். குற்றமே இல்லை என்றால் தண்டனை மட்டும் எதற்கு? வீட்டு வாசலில் ஹாரனை இரண்டு முறை அழுத்திவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"இந்தா பாரு. உன் தம்பி வர்றது எனக்கு இஷ்டமில்ல."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை தாராளமான்னீங்களே?"

"வெள்ளிக்கிழமை எனக்கு முதுகு எரிஞ்சுது. ரேடியோ ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. அஞ்சு மணிக்கு எழுந்துக்கவும் முடியாது. இந்த வீட்ல நானும் ஒரு மனுஷன்!"

"முடிவா சொல்றீங்களா?"

"முடிவு!"

அவள் எழுந்து வேனுக்குப் போனாள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு கனமான பொட்டலத்தை எடுத்துவந்து மேஜை மேல் 'ணங்'கென்று வைத்தாள். பிரித்தாள். துருவேறிய இரும்பு. நடுவில் தலைமுடி கணக்காக ஒரு கோடு.

வாத்தியாரின் நெஞ்சு பழைய அளவுக்கு இறங்கியது.

"குளிக்கற ரூம் ஜன்னல் வண்டி நிக்கற பக்கம்தான் இருக்கு" என்றாள் அவள். "'டக்'குன்னது எனக்கும் கேட்டுச்சு. வெள்ளிக்கிழமை மெக்கானிக் ஃபோன் பண்ணி, 'சார் யோசிக்கறாரும்மா'ன்னார். 'அவர் யோசிச்சுக்கிட்டே இருக்கட்டும், நீங்க புதுசு மாத்திடுங்க'ன்னு சொன்னேன். ஒட்டுப் போட்டதை நம்பி அந்தப் பொண்ணுக்காக நான் மலை ஏற முடியாதுங்க."

அதைச் சொன்னபோது மட்டும் அவள் குரலில் விளையாட்டு இல்லை. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"தப்புதான்" என்றார். அப்புறம் மெல்ல, "மச்சான்?" என்றார்.

"ரெண்டு மாசம். ஒரு மாசம் நீங்க ஒத்துக்கிட்டது. இன்னொண்ணு வாபஸ் வாங்கினதுக்கு."

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமையே தெரியும்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? மூணு நாளா எனக்குச் சோறு தண்ணி இறங்கல!"

அவள் இரும்பைத் திரும்பச் செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றினாள்.

"சொல்லியிருந்தா, நான் கேட்டதுல ஒண்ணுக்காவது 'சரி'ன்னு சொல்லியிருப்பீங்களா?"