நாலாம் எண் விடைத்தாள்

எங்கள் மேசன் சங்கத்தில் என்னைக் கல்விக் குழுத் தலைவராகப் போட்ட அன்றே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனி ஒருத்தன்கூடப் படிக்காமல் தப்பிக்க முடியாது!

மேசன் என்றதும் சாந்துக் கரண்டியோடு வரும் கொத்தனாரை நினைத்துவிடாதீர்கள். நாங்கள் ஃப்ரீமேசன்கள். சுவர் எழுப்புவதில்லை, குணத்தை எழுப்புகிறோம். மாதம் இரண்டு சனிக்கிழமை கோட்டு மாட்டி, அதற்கு மேல் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு கூடுவோம். உள்ளே நடப்பதை வெளியே சொல்லமாட்டோம். வெளியே யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

என் மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஏப்ரன் கட்டிக்கிட்டு அங்க என்னங்க சமைக்கிறீங்க?"

"ரகசியம்."

"அதைக் கட்டிக்கிட்டு நம்ம சமையலறைப் பக்கம் வந்தா ரகசியம் போயிடுமா?"

அத்தோடு அந்தப் பேச்சை நான் விட்டுவிட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் புது நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். வாயால் சொன்னால் நம்பமாட்டாள். ஊசி போடத் தெரியும் என்று ஒரு பெண் சொன்னால், "எங்க, போட்டுக் காட்டு" என்பாள். அவளிடம் நான் எதையும் அனாவசியமாகச் சொல்வதில்லை.

பதவி வந்த வேகத்தில் பாடத்திட்டத்துக்கு விதி எழுத உட்கார்ந்தேன். மூன்று நிலை. ஒவ்வொரு நிலைக்கும் புத்தகம், கேள்வித்தாள், கட்டுரை. மொத்தம் நாற்பத்தொரு விதி. அத்தனையும் என் சொந்தக் கைவண்ணம். நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். மறுநாள் சங்கத் தலைவர் ஃபோன் செய்தார். அவர் பல் டாக்டர். பேசும்போதே எங்கேயோ குடைகிற மாதிரி இருக்கும்.

"ஒன்பதாவது விதி படிச்சேன். ஒரு நிலையில பாஸ் பண்ணினவர்தான் அந்த நிலைப் பேப்பரைத் திருத்தணும். சரி. இப்ப பாஸ் பண்ணினவர் யாரு?"

"இன்னும் யாரும் இல்லைங்க."

"அப்ப யார் திருத்துவா?"

"பாஸ் பண்ணினவர்."

"அவர் எப்படிப் பாஸ் பண்ணுவாரு?"

"திருத்தினா பண்ணிடுவாரு."

"யார் திருத்தினா?"

எனக்குத் தலை சுற்றியது. ஃபோனை வைப்பதற்கு முன் அவர் இன்னொரு குண்டையும் போட்டார். மாதக் கடைசி சனிக்கிழமை தலைமைச் சங்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் பார்வையிட வருகிறாராம். அதற்குள் கல்விக் குழுத் தலைவரே முதல் நிலை தேறாமல் இருந்தால் பதவி கண்ணாடிக் கடைக்காரருக்குப் போய்விடுமாம். கண்ணாடிக் கடைக்காரர் மூன்று வருடமாக அந்தப் பதவி மேல் கண் வைத்திருக்கிறவர்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விதியை மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். எப்படிப் படித்தாலும் சுற்றிச் சுற்றி ஒன்பதிலேயே வந்து நின்றது. கடைசியில் வேறு வழியில்லாமல் மனைவியிடம் போனேன்.

"ஒரு ஆபீஸ்ல ஒரு பரீட்சைன்னு வெச்சுக்கோயேன்..."

"எந்த ஆபீஸ்?"

"ஏதோ ஒரு ஆபீஸ்."

"உங்க ஆபீஸ்ல தண்ணி மீட்டர்தானே பாக்கறீங்க? அதுக்கு என்ன பரீட்சை?"

"புதுசா வந்திருக்கு. பாஸ் பண்ணினவங்கதான் திருத்தணும். ஆனா யாரும் பாஸ் பண்ணல."

"முதல் தடவைக்கு வெளியாளை வெச்சுத் திருத்தணும். எங்க ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். இதுக்கா ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல?"

அடடா! உடனே நாற்பத்திரண்டாவது விதி எழுதினேன். முதல் தேர்வை வெளித் தேர்வாளர் ஒருவர் திருத்துவார். அவர் யார் என்பது கல்விக் குழுத் தலைவருக்கு மட்டுமே தெரியும். அவர் முடிவே இறுதி. ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. விடைத்தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பல் டாக்டரின் இரும்புப் பெட்டியில்.

இங்கேதான் என் மூளை அபாரமாக வேலை செய்தது. அந்த வெளித் தேர்வாளராக என் மனைவியையே போட்டுவிட்டால் என்ன? பரீட்சை திருத்தி அனுபவம் உள்ளவள். கூப்பிட்ட குரலுக்கு வீட்டிலேயே இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, கட்டிய புருஷனை ஃபெயில் போடுகிற மனைவி உலகத்தில் உண்டா?

கட்டுரைத் தலைப்பும் நான் கொடுத்ததுதான். 'இங்கே கற்றது உங்களை வீட்டில் எப்படி மாற்றியது?' என் கட்டுரையை டைப் அடித்தேன். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே! அள்ளிவிட்டேன். காலை ஐந்தரைக்கு முதலில் எழுகிறவன் நான். தரையை நானே துடைக்கிறேன். பாத்திரம் நானே கழுவுகிறேன். பால்கனியில் இருக்கும் வாஷிங் மெஷினில் துணி போட்டு நானே உலர்த்துகிறேன். மனைவியின் முகத்தில் மலரும் புன்னகையே என் கூலி. படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

மொத்தம் பன்னிரண்டு தாள். ஒவ்வொன்றின் உச்சியிலும் இருந்த சங்க முத்திரையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். 'சங்கம்', 'சகோதரர்' என்று வந்த இடமெல்லாம் வெள்ளை மை பூசினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் முன்னால் வைத்தேன்.

"ஆபீஸ் பேப்பர். நீ திருத்தினா நல்லாயிருக்கும்னு மேலதிகாரியே சொன்னாரு."

"மேலதிகாரிக்கு என்னை எப்படித் தெரியும்?"

"உன் பேர் அவ்வளவு தூரம் பரவியிருக்கு."

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் நின்றாள். படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். என்னைப் பார்த்தாள்.

"இந்த நாலாம் நம்பர் ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

"சுமாரா."

"நல்லவரா?"

"தங்கம்."

"அவர் பொண்டாட்டி குடுத்துவெச்சவ."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றேன். நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

திருத்தி முடித்து உறையில் போட்டாள். வாய்ப்பக்கம் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை ஒட்டி, அதன் மேல் கோணல்மாணலாக ஒரு கிறுக்குக் கிறுக்கினாள். பிரித்தால் தெரிந்துவிடும். "ரகசியம்னா எல்லாருக்கும்தான்" என்றாள்.

சனிக்கிழமை வந்தது. தலைமைச் சங்கப் பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர் பிளாஸ்திரியைப் பிரித்து வாசித்தார். ஏழாம் எண், முதல் இடம். அதில், 'வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. வெட்கமாக இருக்கிறது' என்று ஒரே வரி எழுதியிருந்தது. பட்டியலைப் பார்த்தால் கண்ணாடிக் கடைக்காரர்! மற்ற பத்துப் பேரும் தேறிவிட்டார்கள். பிறகு டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"நாலாம் எண். தேறவில்லை. தேர்வாளர் குறிப்பு: நடை பிரமாதம். எழுதியிருப்பதில் ஒன்றுகூட நடந்ததில்லை. மறுபடி எழுத வேண்டாம். எழுதியதைத் தொண்ணூறு நாள் செய்துகாட்டினால் போதும். தினமும் பார்த்து மனைவி கையெழுத்துப் போடட்டும்."

பட்டியலில் என் பெயரை வாசித்தார்கள். சபை முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் திருதிருவென்று விழித்தேன்.

"நடந்ததில்லைன்னு தேர்வாளருக்கு எப்படிங்க தெரியும்? யார் அவரு?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

யாருக்கும் தெரியாத பெயர் என் ஒருவன் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால், என் தாளை என் வீட்டிலேயே திருத்த வைத்த கதை சந்தி சிரித்துவிடும்.

"கேக்கக் கூடாது. நாற்பத்திரண்டாவது விதி" என்றேன்.

பெரியவர் எழுந்து நின்று கை தட்டினார். இப்படி ஒரு தேர்வாளரை அவர் எங்கேயும் பார்த்ததில்லையாம். அந்தத் தொண்ணூறு நாள் முறையை எல்லாச் சங்கத்துக்கும் கொண்டுபோகப் போகிறாராம். அதுவரை கல்விக் குழுவைக் கண்ணாடிக் கடைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும், தாளை நிரப்பிக் கொடுத்தால் பதவி மறுபடி எனக்கு என்றார். தொண்ணூறு கட்டம் போட்ட ஒரு தாளைக் கையில் திணித்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே குழப்பம். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா? நேராகக் கேட்டால் நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மெல்ல ஆரம்பித்தேன்.

"அந்த நாலாம் நம்பர் ஆள் ரொம்ப உடைஞ்சுபோயிட்டாரு."

"அடப் பாவமே."

"அவர் எழுதினது பொய்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"வாஷிங் மெஷின் பால்கனியில இருக்குன்னு எழுதியிருந்தாரு. அதைக் குளியலறைக்கு மாத்தி மூணு வருஷமாச்சு."

"எந்த வீட்ல?"

"ஏதோ ஒரு வீட்ல."

நான் குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மெஷின் அங்கேதான் இருந்தது. திரும்பி வந்து தாளை நீட்டினேன்.

"அவருக்கு இதுல தொண்ணூறு கையெழுத்து வேணுமாம். அவர் மனைவிக்கு நேரமே இல்லையாம். நீதான் நல்ல மனசுக்காரியாச்சே, மொத்தமா போட்டுக் குடுத்துடேன்."

"போடறேனே. அவரை நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க. என் கண்ணால பாத்துட்டுத்தான் போடுவேன்."

அன்றிலிருந்து அந்த நண்பர் தினமும் காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார். தரை துடைக்கிறார். பாத்திரம் கழுவுகிறார். துணி உலர்த்துகிறார். நேற்றோடு இருபத்தேழு கட்டம் ஆகியிருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் துடைக்கவே இல்லை என்று சொல்லி, மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டாள்.