லீலா சிஸ்டருக்கு நான் எழுதிய நோய்க்குறிப்பு

ஊருக்குப் பாடம் எடுக்கக் கிளம்புகிறவன் முதலில் தன் வாயை மூடக் கற்றிருக்க வேண்டும். நான் கற்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு, திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், நர்ஸுகளுக்குச் செயற்கை நுண்ணறிவு பழக்கிவிடும் வேலை எனக்கு. நோயாளி பேசுவதைக் கேட்டுத் தானே நோய்க்குறிப்பு எழுதும் மென்பொருள். "தமிழோ மலையாளமோ, எதில் பேசினாலும் மலையாளத்தில் எழுதித் தரும்" என்று காலையில் பீற்றிக்கொண்டேன். (தமிழையும் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்ததே நான்தான். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வேலைக்கு வரும் நம்மூர்க்காரர்களுக்கு உதவுமே என்று.)

நர்ஸுகளுக்குப் பயம். தலைமை நர்ஸ் லீலா சிஸ்டர்தான், "ஞான் படிச்சா நிங்களும் படிக்கலாமல்லோ" என்று எல்லோரையும் இழுத்துவந்தார். ஓய்வுபெறப் போகிற நேரத்தில், லீவு நாளில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் தேறினால் வார்டே தேறும். ஆனால் ஒரு பட்டனை அழுத்தச் சொன்னால் வேறெதையோ அழுத்தினார்.

டீ இடைவேளையில், மென்பொருளுக்காகச் சட்டையில் குத்திய மைக்கை அணைக்க மறந்து, வராந்தாவில் நின்று மனைவிக்கு ஃபோன் செய்தேன். யாருக்குப் புரியப்போகிறது என்று வலியசாலை அக்ரஹாரத்து வீட்டுத் தமிழில் கொட்டினேன். (திருவனந்தபுரத்தில் தமிழ் புரியாதவர் யார் என்று கேட்காதீர்கள். அன்று அந்த அறிவு இல்லை.)

"ஒரு கிழம் முன்னாடி வந்து உக்காந்துண்டிருக்கு. காலைலேர்ந்து சொல்றேன், மண்டைல ஏறல. பேசாம ஆத்துல ரெஸ்ட் எடுக்கலாம்."

திரும்பி வந்தால் ஹாலில் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் மலையாளத்தில் பெரிய எழுத்து: 'நோயாளி: முதிய பெண். பிரச்சினை: சொல்வது புரியவில்லை. காலம்: காலை முதல். ஆலோசனை: வீட்டில் ஓய்வு.'

லீலா சிஸ்டர் கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார். "நன்னாயிட்டு எழுதியிருக்கு, மோனே. ஒண்ணும் விட்டுப்போகலை," என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்ல", பரவாயில்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். வகுப்புக்கு மட்டும் அப்புறம் வரவேயில்லை.

இப்போதும் நான் மைத்துனரைப் பற்றிக் குறை சொல்ல வாயைத் திறந்தால், "ஃபோனை அந்த ரூம்ல வச்சுட்டு வந்து பேசுங்கோ" என்பாள் மனைவி. வீடே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன்.

லீலா சிஸ்டரின் பிரிவுபசார விழாவில் பேசச் சொல்லி அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கூட்டத்தில் என்னைத் தேடிப்பிடித்து, "மோனே, இது எழுதுமோ?" என்று கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருடைய வார்டில் அன்றைக்கும் பேனாவால்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.