பூட்டை இழுத்துப் பார்ப்பவர்

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நாங்கள் கடல் பார்க்கக் கிளம்பினோம். எட்டு மணிக்கும் கிளம்பிக்கொண்டேதான் இருந்தோம். காரணம், எங்கள் வீட்டில் ஒரு ‘பூட்டை இழுத்துப் பார்ப்பவர்’ இருக்கிறார். உங்கள் வீட்டிலும் இருப்பார். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள் சொல்கிறேன், இந்த இனம் இல்லாத குடும்பத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

எப்படி அடையாளம் காண்பது? பெட்டிகளை அடுக்கி, எல்லோரும் வண்டியில் ஏறி, யார் ஜன்னலோரம் என்ற சண்டையும் ஓய்ந்து, ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிய பிறகு, “ஒரு நிமிஷம்” என்று ஒருவர் இறங்குவார். அவர்தான். அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா, பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோமா என்பவர்களெல்லாம் இதன் கிளைகள். தலைமை அலுவலகம் பூட்டுதான்.

அப்பாவுக்குக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலை. ஒரே எடைக்கல்லை மூன்று முறை வைத்து, மூன்று முறையும் ஒரே அளவு காட்டினால்தான் முத்திரை. அந்த விதியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பூட்டை மூன்று முறை இழுப்பார். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் சோதனை செல்லாது, மறுபடி ஒன்றிலிருந்து. அன்று எதிர்வீட்டு மாமா, “என்ன, ஊருக்கா?” என்று கேட்டுத் தொலைத்தார். ஒன்று. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஹாரன் பேச்சில் சேருமா? சேரும்.

வண்டிக்குள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. இதற்கு முன் இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் ரயிலைப் பூட்டுக்குப் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பியவள்.

“இந்தத் தடவையும் ரயில் போச்சுன்னா நான் பஸ் ஏறித் தனியாப் போயிடுவேன்.”

“பேசாதம்மா, முதல்லேருந்து ஆரம்பிச்சுடுவாரு.”

ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்பில், பதினோரு வருஷமாக எந்தத் திருடனும் சீண்டாத அந்தப் பூட்டு, வளையம் வேறு உடல் வேறாக அவர் கையோடு வந்துவிட்டது.

அப்பா வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்?

“பார்த்தியா! நான் இழுத்துப் பார்க்கலைன்னா இது தெரிஞ்சிருக்குமா?”

“நீங்க இழுக்கலைன்னா அது நல்லாத்தான் இருந்திருக்கும்.”

“சரி சரி. இன்னொரு நாள் போகலாம். கடல் எங்கேயும் ஓடிடாது.”

அம்மா இறங்கினாள். பெரிய பெட்டியில் தொங்கிய நம்பர் பூட்டை, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், கழற்றி எடுத்துப் படியேறினாள். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அதைக் கதவில் மாட்டினாள். அப்பாவின் கை தானாக நீண்டது.

“தொடாதீங்க. சின்னப் பூட்டு. நீங்க இழுத்தா இதுவும் கையோட வந்துடும்.”

மறுக்க முடியாத வாதம். சான்று அவர் கையிலேயே இருந்தது.

ரயில் போய்விட்டது. சொன்னபடி அம்மா பஸ் ஏறினாள். பின்னாலேயே நாங்களும் ஏறினோம். ஒன்பது மணி நேரம். பூட்டை இழந்த பெட்டி ஒரு வளைவில் வாயைப் பிளந்து, அப்பாவின் பனியன்களை முன்பின் தெரியாதவர்கள் மடியில் எல்லாம் பரிமாறியது. “யாரோடதுங்க இது?” என்று ஒருவர் தூக்கிக் காட்ட, அப்பா ஜன்னலுக்கு வெளியே மிகுந்த அக்கறையோடு பார்த்தார். அம்மா சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது.

கடலில் அம்மா முழங்கால் ஆழம்வரை போய் நின்றாள். நெடுநேரம் நின்றாள். கரையிலிருந்து ஒரு குரல், அலைக்கு ஒரு தரம்:

“நம்பர் என்ன வச்சே?”

“வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்.”

சொன்னால் மனிதர் அன்றைக்கே திரும்பிப் போய்ச் சோதித்துவிட்டு வருவார் என்று அவளுக்குத் தெரியாதா? மூன்றாம் நாள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, மணலிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். அதற்கு முன் வெளியூரில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் அம்மா முந்திக்கொண்டு ஓடிப்போய்த் திறந்தாள். வீடு வைத்தது வைத்தபடி இருந்தது. அப்பா அந்தக் குட்டிப் பூட்டை உள்ளங்கையில் வைத்து எடைபோட்டார்.

“சின்னதானாலும் இதுக்கு முத்திரை குத்தலாம்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது உங்கள் கை ஒருமுறை சாவியைத் தொட்டுப் பார்த்ததே, அது எதற்கு? நானும் சிரித்துக்கொண்டிருந்தவள்தான். போன வருஷம் எங்கோ ஒரு ஊரில், ரயில் வரப் பத்து நிமிஷம் இருக்கையில், “அம்மா, அறையைப் பூட்டினேனான்னு சந்தேகமா இருக்கு” என்று செய்தி அனுப்பினேன். பதில் வருவதற்குள் அறைக்கு ஓடி, மூன்று முறை இழுத்துப் பார்த்து, ரயிலையும் கோட்டைவிட்டிருந்தேன். காலி நடைமேடையில் நிற்கும்போது வந்தது:

“ஒழுங்கா ரயில் ஏறுடி. அன்னைக்கு எனக்கு அந்த நம்பரே ஞாபகம் இல்ல. பெட்டியிலயே அது பூட்டாமத்தான் தொங்கிட்டிருந்துச்சு. பூட்டை அமுக்காம சும்மா மாட்டிட்டுத்தான் வந்தேன். வீடு நாலு நாளும் தொறந்துதான் கிடந்துச்சு. அப்பாகிட்ட மூச்சு விடாதே.”