ராகுகாலத்தில் பிடுங்காத ஊசிகள்

மாமனார் வீட்டில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கப் புறப்படுகிறவன் முதலில் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை. (இருபத்திரண்டு வயதில் யார் பார்க்கிறார்கள்?)

முப்பதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் என் மைத்துனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணை மடியில் உட்காரவைத்துத்தான் அப்பா தாரைவார்க்க வேண்டும். என் மாமனாரின் முழங்கால்களோ, தேய்ந்துபோய், பத்திரிகையை மடியில் வைத்தாலே முனகுபவை. தைலம், ஒத்தடம் எதுவும் பலிக்கவில்லை. சித்தப்பா மடியில் உட்காரட்டுமே என்று யாரோ சொன்ன நாளிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

மூத்த மாப்பிள்ளை நான் சும்மா இருப்பேனா? சைக்கிளில் பட்டு மூட்டை கட்டித் தெருத்தெருவாக விற்கும் சீனாக்காரர் ஒருவர், ஊசி குத்தி மூட்டுவலியைப் போக்குவார் என்று கேள்விப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரை அழைத்துப் போனேன்.

மாமனார் ஊசிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முதல்ல மாப்பிள்ளைக்கு ஆகட்டும். நான் பாத்துண்டிருக்கேன்."

ரேழியில் கால் நீட்டினேன். முழங்கால்களில் எட்டு ஊசி ஏறின. எறும்புக்கடிதான். ஆனாலும் போர்க்களத்தில் விழுந்த வீரனைப்போலப் புன்னகைத்தேன். கடிகாரம் பத்தரை அடித்தது. கதவுக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"ராகுகாலம் வந்துடுத்து. இப்போ ஊசியைப் பிடுங்கப்படாது. பிடுங்கறதும் ஒரு காரியம்தானே?"

"இன்னா சாமி, கால் மணிக்கு மேல வேணாம்," என்றார் சீனாக்காரர், நம் தெருக்களில் கற்ற தமிழில். எடுபடவில்லை.

பன்னிரண்டு மணிவரை முள்ளம்பன்றியாகக் கிடந்தேன். பொழுது போகாமல் அவர் மூட்டையை அவிழ்த்தார். ராகுகாலத்தில் பட்டு வாங்கக் கூடாதாம், பார்க்கலாமாம். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து பட்டைப் பார்த்தார்கள். அப்படியே என்னையும்.

ஊசிகள் ஒருவழியாக வெளியே வந்தன. மரத்துப்போன கால்களுடன் எழுந்து, ஒன்றுமே இல்லை என்று காட்ட ஓரடி வைத்தேன். நேரே பட்டுக்குவியலில் விழுந்தேன்.

மாமனார் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "இந்த வலி எனக்குப் பழகிடுத்து, மாப்பிள்ளை."

முகூர்த்தத்தன்று பெண்ணை அவர்தான் மடியில் வாங்கிக்கொண்டார். கண்ணில் ஜலம் கொட்டிற்று. பெண்ணைப் பிரியும் துக்கமென்று பந்தலே உருகியது. என்னிடம் மட்டும் முணுமுணுத்தார்: "சீக்கிரம் தாலியைக் கட்டச் சொல்லுங்கோ." நான் புரோகிதரை அவசரப்படுத்தினேன். தாலி ஏறி முடிந்தபிறகும் அவர் பெண்ணை இறக்கிவிடத்தான் இல்லை.

அந்த வீட்டில் அன்று முதல் எனக்கு 'ஊசி மாப்பிள்ளை' என்றே பெயர். காரணம் தெரியாத என் பேரன், தாத்தா அந்தக் காலத்தில் தையற்கடை வைத்திருந்ததாக இன்றும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறான்.