பரவாயில்லைங்க

துடுப்பு ஏரியில் விழுந்ததற்கு லென்ஸ்தான் காரணம்.

படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று படகுத்துறைக்காரர் மூன்று முறை சைகையில் சொல்லியிருந்தார். பாஷை தெரியாத ஊர், பாவம், மனுஷன் உட்கார்ந்து எழுந்து நடித்தே காட்டினார். அதையும் போட்டோ எடுத்துக்கொண்ட லென்ஸ், நடு ஏரியில் எழுந்து நின்றார். படகு ஆடியது. ஒரு கையில் போன், ஒரு கையில் துடுப்பு. அவர் போனைக் காப்பாற்றினார்.

படகில் இருந்தவர்கள் மூன்று பேர். கண்ணாடிக்கடை வைத்திருப்பதால் இவர் லென்ஸ். லாரி ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர் ஸ்பேனர். தபால் ஆபீஸில் ரிட்டயரானவர் தபால். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். ஒருநாள் சேர்ந்து வெளிநாடு போய் மலை ஏற வேண்டும் என்று இருபது வருஷமாகப் பேசி, மூன்று பேருக்கும் சேர்த்து நாலு நல்ல முழங்கால் மிச்சம் இருக்கும்போது கிளம்பி வந்திருந்தார்கள்.

முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்ட ஸ்பேனர் திரும்பினார். லென்ஸ் திட்டு வாங்கத் தோளைக் குறுக்கிக்கொண்டார். காலையில்கூட "எழுந்திருடா நாயே" என்று உதைத்துத்தான் ஸ்பேனர் அவரை எழுப்பியிருந்தார்.

"பரவாயில்லைங்க" என்றார் ஸ்பேனர்.

குறுக்கிய தோளை லென்ஸ் நிமிர்த்தினார்.

"என்னடா சொன்னே?"

"பரவாயில்லைன்னேங்க."

"அந்த 'ங்க' யாருக்கு?"

ஸ்பேனர் மிச்சமிருந்த துடுப்பை வலித்தார். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது.

ஸ்பேனர் மரியாதை கொடுத்தால் என்ன அர்த்தம் என்று லென்ஸுக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் கூட இருந்த பார்ட்னரிடம் ஒருநாள் "நீங்க சொல்றபடியே செய்யலாங்க" என்றார். மறுநாள் பார்ட்னர் வேறு தெருவில் கடை பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷ சிநேகம் ஒரு துடுப்போடு போய்விடுமா? துடுப்பு மட்டுமென்றால் போகாது. ஆனால் விமானத்தில் ஜன்னல் சீட்டை இவர்தான் பிடுங்கிக்கொண்டார். லாட்ஜில் வெந்நீர் முழுவதையும் இவர்தான் காலி செய்தார். யோசிக்க யோசிக்கப் பட்டியல் நீண்டது.

சுற்றிச் சுற்றி ஒருவழியாகக் கரையேறியதும், எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்று லென்ஸ் முடிவு செய்தார். மலையேறுகிறவர்கள் தங்கும் மரவீடு இரண்டு மணி நேர ஏற்றத்தில் இருந்தது.

"உன் பையையும் நானே தூக்கறேன்" என்றார் லென்ஸ்.

"ஐயோ, நீங்க போய் தூக்கறதா? குடுங்க இப்படி."

இந்த "நீங்க" லென்ஸின் பிடிவாதத்தை இன்னும் கூட்டியது. முதுகில் தன் பை, மார்பில் ஸ்பேனரின் பை. குனிந்தால் கால் தெரியவில்லை. கால் தெரியாததால் ஓடையும் தெரியவில்லை. விழுந்தபோது ஸ்பேனரின் பைமேல் விழுந்ததால் லென்ஸுக்கு அடி இல்லை. பையில் இருந்த மாற்றுத்துணி மொத்தமும் ஓடையைக் குடித்தது.

"துணி போனா போகுதுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்ற ஸ்பேனர், அடுத்த மூச்சிலேயே திரும்பி, "டேய் தபாலு, மரம் மாதிரி நிக்காம பையைப் பிடிடா" என்றார்.

தபாலுக்கு 'டா' உண்டு. தனக்கு மட்டும்தான் இல்லை. லென்ஸ் ஈரத்துணியை ஒவ்வொன்றாகப் பிழிந்தார்.

மரவீட்டில் ஸ்பேனர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையைப் பிசைந்தார். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுங்க. எப்படி ஆரம்பிக்கறதுன்னு..."

பார்ட்னரிடமும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பான். லென்ஸ் துள்ளி எழுந்தார். "இரு, என்னைத் தூக்க ஓடையில இறங்கி உன் ஷூ ஈரமாயிடுச்சு, காய வச்சுட்டு வந்துடறேன்."

ஷூவை அடுப்புமேல் வைத்தார். அதுவாவது சீக்கிரம் காயட்டும் என்று இன்னொரு விறகு போட்டார். வாசனை வந்து எல்லோரும் ஓடிப் பார்த்தபோது, ஷூவின் அடிப்பாகம் அடுப்போடு ஒட்டி, மேல்பாகம் தனியாக நின்றது.

"நல்லா காஞ்சிருக்குங்க" என்றார் ஸ்பேனர்.

மறுநாள் ஸ்பேனர் லென்ஸின் ஷூவில் மலை இறங்கினார். ஒரு சைஸ் சின்னது. லென்ஸ் குளியலறைச் செருப்பில் இறங்கினார். ஸ்பேனர் நொண்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல், "குறுக்குவழி இருக்கு, நீலக் குறி போட்ட பாதை" என்றார் லென்ஸ். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர் தன் கண்ணாடியை மரவீட்டிலேயே மறந்திருந்தார். அது நீலக் குறி இல்லை. பாதையும் இல்லை.

நாலடி வைத்ததும் லென்ஸின் இடது கால் முழங்கால்வரை சேற்றில் போனது. எடுக்கப் பார்த்தார், வலதும் போனது. செருப்பு எங்கோ அடியில் விடைபெற்றது.

ஸ்பேனர் கெட்டியான மண்ணில் நின்று கையை நீட்டினார். "கையைக் குடுங்க."

லென்ஸ் கையைக் கட்டிக்கொண்டார். "மாட்டேன்."

"அசையாதீங்க, இன்னும் உள்ள போயிடுவீங்க. பிடிங்க."

"'பிடிடா'ன்னு சொல்லு, பிடிக்கறேன்."

"இதென்னங்க இது?"

"நாயேன்னு ஒரு தடவை கூப்பிடு. துடுப்புக்குத் திட்டு, ஷூவுக்குத் திட்டு. மொத்தமா திட்டித் தீர்த்துடு. இந்த 'ங்க' மட்டும் வேணாம்டா, தாங்கல."

ஸ்பேனர் வாயைத் திறந்தார். "நா..." என்றார். மூடிக்கொண்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முயன்றார். உதடு குவிந்தது, சத்தம் வரவில்லை.

"முடியலைங்க. மன்னிச்சுக்குங்க."

லென்ஸ் இன்னும் நாலு விரல் உள்ளே இறங்கினார். கண் கலங்கியது. "அப்ப அவ்ளோதானா? நாற்பது வருஷம் அவ்ளோதானா? நான் என்னதான்டா பண்ணேன்? ரெண்டு பேர்ல ஒருத்தனாவது நேரா சொல்லித் தொலைங்கடா."

ஸ்பேனர் தபாலைப் பார்த்தார். பாறைமேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த தபால், சட்டையில் விழுந்த தூளைத் தட்டிவிட்டு, கடுதாசியைப் படித்துக் காட்டுகிற குரலில் சொன்னார்:

"உன் பையனும் இவன் பொண்ணும் கட்டிக்கறதா முடிவு பண்ணி, நேத்து இவன்கிட்ட போன்ல சொல்லிட்டாங்க, உன்கிட்ட சொல்ற வேலையையும் இவன் தலையில கட்டிட்டாங்க, சம்பந்தியைப் போய் எப்படிடா நாயேன்னு கூப்பிடுவான்?"